அத்தியாயம் பதினொன்று: வெட்டியெடுத்த கைகள்

போன வாரம் நாம் விட்ட இடத்தில், சவரிநாதன் மகள் செய்த படத்தைத் தம்பி அல்போன்ஸின் கையில் கொடுத்துவிட்டு நின்றார். "பெரிய திரைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் சரிபண்ணி வைக்கிறேன் அண்ணே" என்று சொல்லித்தான் தம்பி வாங்கிக்கொண்டு போனார். சவரிநாதனும் நம்பினார். ஹட்டன்–மஸ்கெலியா பஸ்ஸில் கொண்டக்டர் அவர். 'மிச்சக் காசு இறங்கும்போது தாறேன்' என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்கிற மனுஷன், அதே குரலில் இன்னொருவர் தன்னிடம் சொன்னபோது மட்டும் நம்பிவிட்டார்.

படம் என்ன படம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கலாம்.

பாட்டு சவரிநாதனுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில் அவர்தான் ஓர்கன் வாசிப்பார். ஓர்கன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பழைய கீபோர்ட். அதில் மூன்று கட்டைகள் வேலை செய்யாது. அந்த மூன்றும் வராத மாதிரியே அவர் மெட்டுக் கட்டுவதை, "இது சவரிநாதனுடைய தனிப் பாணி" என்று ஃபாதர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். சவரிநாதன் மறுக்கவில்லை.

"வாசலு பெருசு, வரிசை ஒண்ணு, வந்தவங்க எல்லாம் உக்காருங்க" என்று தொடங்கும் பாட்டு அது. யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், எந்த லயத்து வீட்டிலிருந்து வந்தாலும் யேசுவின் பந்தியில் ஒரே வரிசைதான் என்பது விஷயம்.

மகள் சர்மிளா அந்தப் பாட்டை வரைந்தாள். வரைந்ததை நடக்கவும் வைத்தாள். ஹட்டனில் ராசிக் நானாவின் கடையில் கலியாணக் கார்டும் பேனரும் வடிவமைப்பது அவள் வேலை. வேலை முடிந்த பிறகு அதே கணினியில் மாதக்கணக்காக உட்கார்ந்தாள். "கரண்ட் பில்லை நான் பாத்துக்கிறேன், நீ உன் கண்ணைப் பாத்துக்க மகள்" என்று நானா விட்டுவிட்டார்.

லயத்துக்கு முன்னால் நீளமாக வாழையிலை. கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு வந்தவள், விபூதிக்காரர், தொப்பி போட்ட கடைக்காரர், ஒரு பஸ் கொண்டக்டர் (வயிறு தேவைக்கு மேலேயே வரையப்பட்டிருந்தது) எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். யேசு உட்காரவில்லை. பரிமாறிக்கொண்டிருப்பார். முகம் வராது, கை மட்டும் வரும். கறுத்த கை, விரல் நுனியில் தேயிலைக் கறை, கொழுந்து கிள்ளிக் கிள்ளி வந்த வெடிப்பு.

சவரிநாதனின் மனைவி பிலோமினா அதைப் பார்த்ததும், "யேசுவுக்கு வரைய வேற கை கெடைக்கலியாடி?" என்று மகளைக் கேட்டாள். கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுவதும் கொழுந்து கிள்ளும் தன் கையால் எதையும் தொடாமல், மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

படத்தின் தொடக்கத்தில் வருவது இன்னொரு ஜோடிக் கைகள். நெருப்பில் தப்பு என்கிற பறையைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, அடிக்கத் தொடங்கும் கைகள். பிலோமினாவின் அண்ணன் வீரய்யாவின் கைகள் அவை. மாரியம்மன் திருவிழாவா, கலியாணமா, சாவு வீடா, தோட்டத்தில் எதற்கும் வீரய்யாவின் தப்புதான். சர்மிளா தாய்மாமனின் பக்கத்தில் உட்கார்ந்து, குச்சி எப்படி விழுகிறது, மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

"மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடும்மா" என்றார் வீரய்யா.

"கை மட்டுந்தான் மாமா வருது."

"அப்ப ஒரு மோதிரம் போட்டுடு."

போட்டுக் கொடுத்தாள். "பெரிய திரையில உங்க கை வரும் மாமா, கீழ உங்க பேரு வரும்" என்று வாக்கும் கொடுத்தாள். இந்த அத்தியாயம் அந்த வாக்கைப் பற்றியது.

*

சனிக்கிழமை. ஹட்டனில் பாராட்டு விழா. சவரிநாதன் தான் வேலை செய்கிற பஸ்ஸிலேயே பயணியாக ஏறினார். உட்காரத் தெரியவில்லை. நோர்வூட் வருவதற்குள் இரண்டு தடவை எழுந்து, யாரோ ஒருவருக்கு டிக்கட் போடப் போய்விட்டார்.

"அப்பா, உக்காருங்க. இன்னைக்கு நீங்க பாராட்டு வாங்கப் போற ஆள்" என்று சர்மிளா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

முன் சீட்டில் வீரய்யா புதுச் சட்டையில் விறைப்பாக இருந்தார். மடியில் ஒரு உரச்சாக்கு. சாக்குக்குள் தப்பு.

"சட்டை ஜோரா இருக்கு மாமா."

"தையக்காரன்கிட்டச் சொல்லித் தச்சது. கையைத் தூக்கினா அக்குள்ள கிழியக் கூடாதுன்னேன்."

"அங்க அடிக்கச் சொல்வாங்களாண்ணே?" என்றாள் பிலோமினா.

"சொல்லாட்டி கேக்கவா போறேன்? சொன்னா இல்லேன்னு நிக்கக் கூடாதில்ல, வேலாயி."

பிலோமினாவுக்கு ஞானஸ்நானத்துக்கு முந்திய பெயர் அது. முப்பது வருடமாகியும் அண்ணன் வாயில் இன்னும் வேலாயிதான்.

"மச்சான், அங்க கோயில் ஆளுங்க இருப்பாங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு பிலோமினான்னு கூப்பிடுங்க" என்றார் சவரிநாதன்.

"வாயில வராது மாப்ள. அப்பிடிக் கூப்பிட்டா வேற யாரோ திரும்பிப் பாக்கிற மாதிரி இருக்கு."

சர்மிளா சிரிக்கவில்லை. அப்பாவின் காதருகே குனிந்தாள். "சித்தப்பா மாத்தின படத்தை எனக்கு அனுப்பவே இல்லப்பா. கேட்டா சர்ப்ரைஸுங்கிறார்."

"நல்லதாத்தான் இருக்கும்மா."

"மாமா பேரு இருக்குமில்ல?"

"இருக்கும்."

அந்த 'இருக்கும்' தன் வாயிலிருந்து வந்த விதம் சவரிநாதனுக்கே பிடிக்கவில்லை. மிச்சம் இறங்கும்போது தருவதாகச் சொல்லும் குரல் அது.

*

மண்டபத்து வாசலில் அல்போன்ஸ் கோட் போட்டுக்கொண்டு நின்றார். மலை ஒளி கிறிஸ்தவ கலை மன்றத்தின் செயலாளர். தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கும் அவரே செயலாளர். செயலாளர் நாற்காலி ஒன்று எங்கே காலியாகக் கிடந்தாலும் அவர் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும்.

"வாங்க அண்ணே, முன் வரிசை உங்களுக்கும் சர்மிளாவுக்கும். அண்ணியும் வாங்க." பிறகு வீரய்யாவின் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார். "இது என்னா?"

"தப்புங்க தம்பி."

"உள்ள கார்பெட் விரிச்சிருக்கு. அதை வாசல் வாட்சர்கிட்ட வச்சிட்டுப் போங்க. நீங்க பின்னால உக்காந்தா நல்ல காத்து வரும்."

வீரய்யா சாக்கை வாட்சரின் மேசைக்கடியில் வைத்தார். வைத்த பிறகு வாய்ப்பக்கத்தை மடித்துச் செருகினார்.

"நானும் பின்னாலயே உக்காந்துக்கிறேன்" என்று பிலோமினா அண்ணனோடு நடந்தாள். சவரிநாதன் சர்மிளாவோடு முன்னால் போனார். போய் உட்கார்ந்த பிறகுதான், தானும் பின்னால் போயிருக்கலாமே என்று தோன்றியது. அவருக்கு நல்ல புத்தி எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

மண்டபத்துக்குள் ஒரு வாடை. ஈரக் கார்பெட்டும், பிளாஸ்டிக் பூக்களுக்கு அடித்த சென்ட்டும், பின்கட்டில் பலமுறை கொதித்த எண்ணெயில் பொரிகிற கட்லட்டும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஒட்டியது. மேடையில் அதிதிகளின் முன்னால் மெழுகு ஆப்பிள்கள் வைத்திருந்தார்கள். ஒரு ஆப்பிளில் யாரோ கடித்துப் பார்த்த பல் தடம் இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த பிரதம அதிதி பேசினார். எல்லோரையும் அணைக்கும் இசை என்றார். கலைக்குச் சாதி இல்லை என்றார். ஏழையின் வியர்வையில்தான் உண்மையான சங்கீதம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிக் கை காட்டினார். சவரிநாதன் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தவர் வீரய்யா.

விளக்கை அணைத்தார்கள்.

*

முதலில் மன்றத்தின் சின்னம் சுழன்றது. தலை சுற்றும் வரை சுழன்றது. அதற்குப் பிறகு நெருப்பு வர வேண்டும், நெருப்பில் காயும் தப்பு வர வேண்டும், மோதிரம் போட்ட கை வர வேண்டும்.

புறாக்கள் வந்தன. எங்கிருந்தோ வாங்கிப் போட்ட வெள்ளைப் புறாக்கள். அவை பறந்த மலையின் உச்சியில் வெண்பனி மூடியிருந்தது. எந்த நாட்டு மலையோ. சர்மிளா நாற்காலிக் கையைப் பிடித்தாள்.

பந்தி வந்தது. அவள் வரைந்த இலை, அவள் வரைந்த ஆட்கள். பரிமாறும் கை வந்தது.

வெள்ளைக் கை. வெடிப்பு இல்லை, கறை இல்லை. சவர்க்கார விளம்பரத்தில் நுரைக்குள்ளிருந்து எழும்பி வருகிற கை.

"அப்பா," என்றாள் சர்மிளா. "அம்மாவோட கையைக் கழுவி வெளுத்துட்டாங்க."

அப்போது தப்புச் சத்தம் தொடங்கியது.

"இது மாமா எனக்கு அடிச்சுத் தந்ததில்ல. நான் பதிவு பண்ணது இதில்லப்பா."

இல்லைதான். தோட்டத்தில் பிறந்தவருக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி உண்டு, கலியாணத்துக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி. இது பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது அடிக்கிற அடி. சாவு அடி.

யேசுவின் விருந்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிட, பின்னால் சாவு அடி விழுந்துகொண்டிருந்தது.

மண்டபத்தின் பின்பாதி அசைந்தது. கட்லட்டை வாய்க்குக் கொண்டுபோன கைகள் பாதியில் நின்றன. ஒரு பெரியவர் பழக்க தோஷத்தில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "யாருடி செத்தது?" என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது முன்வரிசை வரை கேட்டது.

முன்வரிசையில் வேறு கதை. பிரதம அதிதியின் பாதம் தாளம் போட்டது. அவர் இரண்டு கையையும் உயர்த்தித் தட்டத் தொடங்கினார். அவர் தட்டியதும் மன்றத்தலைவர் தட்டினார். மன்றத்தலைவர் தட்டியதும் கோட் போட்ட அத்தனை பேரும் தட்டினார்கள். சாவு அடிக்கு, பல் தெரிய, தோளை ஆட்டி ஆட்டித் தட்டினார்கள்.

சவரிநாதனுக்குச் சிரிப்பு வந்தது. வெடித்துச் சிரித்திருப்பார். அதற்குள் இன்னொன்று காதில் விழுந்தது.

தப்புச் சத்தத்துக்குப் பின்னால், மழை இரைச்சலுக்கு நடுவில், ஒரு ஆண் குரல். "முன்னுக்குப் போங்க... நடுவுல நிக்காதீங்க, முன்னுக்குப் போங்க..."

அவருடைய குரல்.

முந்தின வருடத்துக்கு முந்தின வருடம், அப்பா அந்தோனிமுத்துவைக் கல்லறைக்குத் தூக்கிப் போன நாள். கொட்டுகிற மழை. ஒற்றையடிப் பாதை வழுக்கியது. பெட்டிக்குப் பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. சவரிநாதன் அழுதுகொண்டே வந்தார். ஆனால் வாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான். முன்னுக்குப் போங்க, நடுவில் நிற்காதீங்க. அப்பாவின் சாவில்கூட கொண்டக்டர் வேலை பார்த்தவன் என்று தோட்டம் பல நாள் சிரித்தது. அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தனியாக இருக்கும்போது அதை நினைத்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

"எனக்கு வீரய்யாதான் அடிக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார். வீரய்யா மழையில் நனைந்து நனைந்து அடித்தார். கல்லறைத் தோட்டத்து வாசல் வந்ததும், எப்போதும் போல, தப்பு வெளியே நின்றுவிட்டது.

ஆக, படத்திலிருந்து வீரய்யாவின் கையை வெட்டி எறிந்துவிட்டு, அதே வீரய்யா அப்பாவுக்கு அடித்த சாவு அடியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அடித்தவரைக் கடைசி வரிசையில் காற்று வாங்க உட்கார வைத்துவிட்டு.

சவரிநாதன் திரும்பிக் கடைசி வரிசையைத் தேடினார். இருட்டில் முகம் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் பெயர்கள். இசை, சவரிநாதன். ஓவியம், சர்மிளா. பிறகு திரையை நிறைத்துக்கொண்டு, ஒருங்கிணைப்பும் நெறியாள்கையும், அல்போன்ஸ். ராசிக் நானாவுக்குச் சொன்ன நன்றியைக் காணோம். வீரய்யா என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. விளக்கு வந்தது. முன்வரிசை எழுந்து நின்று கை தட்டியது.

*

மேடைக்கு அழைத்தார்கள். சவரிநாதன் பொன்னாடைக்குத் தலை குனிந்தபடி, பக்கத்தில் நின்ற தம்பியைக் கேட்டார்.

"அந்தச் சத்தம் எங்க எடுத்தே?"

"மேடையில வச்சு என்னாண்ணே கேள்வி."

"எங்கடா எடுத்தே?"

"என் ஃபோன்ல பழைய வீடியோ நெறையக் கெடந்துச்சு. எடிட் பண்றவன்கிட்ட ஃபோனையே குடுத்திட்டேன். எதுலயாவது தப்புச் சத்தம் இருக்கும், எடுத்துப் போடுன்னேன். நான் பாக்கக்கூட இல்ல."

"மச்சான் அடிச்சது இருக்கும்போது எதுக்கு வேற?"

அல்போன்ஸ் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி, உதடு அசையாமல் பேசினார். "அவர் அடிச்சதைப் போட்டா பேரைப் போடணும். பேரைப் போட்டா யாரு என்னான்னு கேப்பாங்க. அண்ணியோட கூடப் பொறந்தவர்னு சொல்லணும். எனக்கும் ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்குண்ணே. நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவன், நீங்க தப்படிக்கிறவங்க வீட்டுல பொண்ணு எடுத்தவங்களான்னு கேட்டா?"

முப்பது வருடம் அண்ணி கையால் சோறு சாப்பிட்ட வாய் அது.

"அது அப்பாவைத் தூக்கிட்டுப் போன சத்தம்டா" என்றார் சவரிநாதன். "பின்னால கேக்கிறது என் தொண்டை."

அல்போன்ஸின் முகம் ஒரு நொடி அவிழ்ந்து விழுந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வரும்போது இருந்த முகம். சவரிநாதன் கையை நீட்டித் தோளைப் பிடித்திருப்பார். அதற்குள் பிரதம அதிதி இந்தப் பக்கம் திரும்பினார். உடனே தம்பியின் சிரிப்பு, கழற்றி வைத்த பல் செட்டைத் திரும்ப மாட்டினது போல, இருந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

சவரிநாதன் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார்.

சர்மிளாவின் கையில் கேடயத்தைக் கொடுத்து, ஒரு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"நன்றிங்க. ஆனா இப்ப நீங்க பாத்தது நான் செஞ்ச படமில்ல."

கை தட்ட எழும்பிய கைகள் அந்தரத்தில் நின்றன.

"என் படத்துல மொதல்ல ரெண்டு கை வரும். அதை வெட்டிட்டாங்க. அது எங்க தாய்மாமா கை. பரிமாறுற கை எங்க அம்மா கை, அதுக்கு வெள்ளையடிச்சிட்டாங்க. மாமா பேரு வீரய்யா. தப்பு அடிக்கிறவர். இந்தப் பாட்டு அவர் அடியிலதான் நடக்குது. அதோ, கடைசி வரிசையில, வெள்ளைச் சட்டை..."

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கடைசி வரிசையில் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியும் காலி.

அல்போன்ஸ் மைக்கை வாங்கிவிட்டார். "பிள்ளை கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருச்சு, ஹெ ஹெ. கலைஞர்கள் அப்பிடித்தானே. அடுத்து நம்ம பாடகர் குழு, அதே பாடலை நேரடியாக..." சொல்லிக்கொண்டே அண்ணனுக்குக் கீபோர்டைக் கண்ணால் காட்டினார்.

புதுக் கீபோர்ட். எல்லாக் கட்டையும் வேலை செய்யும். சவரிநாதன் அதன் முன்னால் போய் நின்றார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி ஒன்றில் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்தான். பாடகர் குழு மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தது.

சுவிட்சை அணைத்தார். சர்மிளா கேடயத்தை அதன் மேல் வைத்தாள். இரண்டு பேரும் நடுப்பாதை வழியாக நடந்து வெளியே வந்தார்கள்.

*

வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. உள்ளே வீரய்யா பெஞ்சில் உட்கார்ந்து பொரித்த ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாட்சரிடமிருந்து மீட்டு வந்த சாக்கு முழங்காலுக்கு நடுவில் இருந்தது. பிலோமினா பால் விடாத பிளேன்டீயைத் தொடாமல், கண்ணை முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிவப்பாக்கி வைத்திருந்தாள்.

"ஏன் மச்சான் எழும்பி வந்தீங்க? பிள்ளை உங்க பேரைச் சொல்லிச்சு."

"கேட்டுச்சு மாப்ள. நல்ல மைக்."

"அப்ப ஏன் நிக்கல?"

"சாவு அடி கேட்டா எழும்பி நடக்கிறதுதானே மொறை? உக்காந்துக்கிட்டுக் கை தட்டவா சொல்றீங்க?" ரோல்ஸை மென்று விழுங்கினார். "ஒங்கப்பா சாவுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என் கை எனக்குத் தெரியாதா. நானும் வேலாயியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம், எழும்பிட்டோம்." மிச்ச ரோல்ஸைத் தட்டில் வைத்தார். "த்தூன்னு துப்பணும் போல இருந்துச்சு மாப்ள. மண்டபத்துல கார்பெட் விரிச்சிருந்தாங்க. இந்தக் கடைக்காரரும் பாவம், இப்பத்தான் கூட்டியிருக்கார். எங்க துப்புறது?"

சர்மிளா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மன்னிச்சிக்கங்க மாமா. நான் வாக்குக் குடுத்தேன்."

"நீ சொன்ன மாதிரி பேரைச் சொல்லிட்டியேம்மா. அதுல கொறையில்ல." வீரய்யா சாக்கின் மேல் கையை வைத்தார். "எங்க போனாலும் நம்ம வாசலோட நின்னுக்குவோம். கல்லறை வாசல், கோயில் வாசல். அதுக்கு நான் ஒண்ணும் சொன்னதில்ல. ஆளு வெளிய நின்னாலும் சத்தம் உள்ள போவுதில்ல, போதும்னு இருந்தேன். இன்னைக்கு என்னான்னா, சத்தத்தை மட்டும் உள்ள வச்சிக்கிட்டு, ஆளை வாட்சர்கிட்ட வச்சிட்டுப் போன்னுட்டாங்க."

பிலோமினா தன் பிளேன்டீயை அண்ணன் பக்கம் தள்ளி வைத்தாள்.

அப்போதுதான் அல்போன்ஸ் வீதியைக் கடந்து வந்தார். வெளியே பெய்த தூறலில் கோட் நனைந்திருந்தது. கடை வாசலில் நின்றார்.

"அண்ணே, நல்ல வேளை. பிரதம அதிதிக்கு ரொம்ப சந்தோஷம். அந்தத் தப்படிக்கிற ஆள் யாரு, கூட்டிட்டு வா, ஒரு போட்டோ எடுக்கணும்ங்கிறார். தப்போட." தயங்கினார். "தலையில ஒரு துண்டு கட்டிக்கிட்டா இன்னும் நல்லாயிருக்குமாம். புதுச் சட்டை வேணாமாம்."

வீரய்யா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

பிலோமினா எழுந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மைத்துனரிடம் ஒரு கடும் சொல் சொன்னவளில்லை.

"தம்பி, இது கொழுந்து கிள்ற கை. எவ்வளவு கழுவினாலும் வெளுக்காது. ஆனா அறைஞ்சா அறைஞ்ச எடம் செவக்கும்."

"அண்ணி..."

"வேலாயி, உக்காரு" என்றார் வீரய்யா. பிறகு அல்போன்ஸிடம், மிக மரியாதையாக, "போட்டோவுக்கு வர்றேங்க தம்பி. இன்னைக்கில்ல. ஞாயித்துக்கிழமை. ஒங்க கோயிலுக்குள்ள. மாப்ள வாசிக்க, பக்கத்துல நின்னு நான் இந்தப் பாட்டுக்கு அடிக்கணும். எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுத்துக்கட்டும்."

"கோயிலுக்குள்ளயா? தப்பையா?" அல்போன்ஸ் அண்ணனைப் பார்த்தார். "கமிட்டி இருக்கு, பெரியவங்க இருக்காங்க. எப்பிடிண்ணே விடுவாங்க?"

"கமிட்டிக்குச் செயலாளர் யாரு தம்பி?" என்றார் சவரிநாதன்.

அல்போன்ஸ் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார்.

"வாங்க மச்சான்" என்றார் சவரிநாதன். "காலைப் பூசைக்கே வாங்க. உள்ளுக்கே வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாளைக்கு. கோயில் சாவி கமிட்டித் தலைவரின் இடுப்பில். ஃபாதர் நல்லவர், நல்லவர்கள் எல்லோரையும் போல, சண்டை என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அந்த மூன்று கட்டை செத்த கீபோர்டுகூட நாளைக்குத் தன் கையில் இருக்குமா என்று தெரியாது. ஆனாலும் சொன்ன குரல் வேறு மாதிரி வந்திருந்தது. மிச்சத்தை உடனே எண்ணிக் கையில் கொடுத்துவிட்ட குரல்.

அல்போன்ஸ் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"வீரய்யாண்ணே." அந்த முறை வைத்து அவர் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "அன்னைக்கு... அப்பாவைத் தூக்கிட்டுப் போகும்போது... நான் எங்க நின்னேன்? எனக்கு ஞாபகமே வரல. எவ்வளவு நெனச்சும் வரல."

வீரய்யா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எனக்கு முன்னால போனீங்க. ஃபோனைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, பின்பக்கமாவே நடந்தீங்க. அப்பாவை நீங்க ஃபோனுக்குள்ளதான் பாத்தீங்க. தண்ணிக் கானுக்குள்ள விழப் போனப்ப நான் ஒரு கையால ஒங்க சட்டையைப் புடிச்சேன். அதான் ஒரு எடத்துல அடி விட்டுப் போயிருக்கும். படத்துலயும் விட்டுப் போச்சு, பாத்தீங்களா?"

அல்போன்ஸ் தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார்.

அவர் கையிலிருந்த ஃபோன் அடித்தது. திரையில் பிரதம அதிதியின் முகம், வாய் நிறையச் சிரிப்போடு. வீரய்யா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார். இடம் விடுவதற்கா, சாக்கைத் தள்ளி வைப்பதற்கா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அல்போன்ஸ் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.